எப்பவோ முடிந்த காரியமா?

(கல்லூரியின் நூற்றாண்டை முன்னிட்டுப் பழைய மாணவியர் சங்கம் ஜெயபுரத்தில் நடத்திய இலவச மருத்துவ முகாமின் பிற்பகல் அமர்வில், மருத்துவ அணியின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



காலையில் உங்களுடைய பிரஷரையும் சீனியையும் பார்த்து, மருந்தும் புத்திமதியும் தந்து முடித்தோம். மத்தியானத்துக்குப் பிறகு, மனத்தைரியத்துக்காக, ஆன்மிகமாக ஓர் அரை மணித்தியாலம் பேசும்படி சங்கத்தார் கேட்டிருந்தார்கள். ஐயரிடம் போய் முழங்கால் நோவுக்கு மருந்து கேட்கிற மாதிரித்தான் இது. ஆனாலும் நாங்கள் மரணத்துக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவர்கள். அந்த உரிமையில் ஒப்புக்கொண்டோம். யாழ்ப்பாணத்தில் இருந்தே ஒரு பேச்சை எழுதிக்கொண்டும் வந்தோம். காலையில் ஓர் அம்மா சொன்ன ஒரு வசனத்துக்குப் பிறகு அந்தத் தாளை எடுக்க மனம் வரவில்லை.

எங்கள் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. பிள்ளைகள் எத்தனை பேர் என்பது. அதற்குப் பக்கத்தில் இரண்டு கட்டங்கள்: ஒன்று உயிரோடு இருப்பவர், மற்றது இறந்தவர். அந்த அம்மாவிடம் கேட்டோம். "நாலு பேரு டொக்டர்" என்றார். "எல்லாரும் இருக்கினமா?" என்று கேட்டோம். "மூணு பேரு இருக்காங்க. ஒருத்தன் வரல்ல" என்றார். பேனை அந்த இடத்தில் நின்றுவிட்டது. மூன்று என்று எழுதினால் ஒரு பிள்ளையை மற்றக் கட்டத்துக்குள் தள்ளுகிறோம். நாலு என்று எழுதினால் அந்த அம்மா பதினைந்து வருடத்துக்கு மேலாகப் படுகிற பாட்டை இல்லையென்று ஆக்குகிறோம். இரண்டு கட்டத்தையும் வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனோம்.

வெறுமையாக விடுவதற்கு நாங்கள் படித்தது ஒரு பிழையின் மூலம். பல வருடங்களுக்கு முன்னர் வன்னியிலேயே வேறொரு கிராமத்தில் இதே மாதிரி ஒரு முகாம். அன்று எங்களில் ஒருவர், யார் என்று சொல்லத் தேவையில்லை, நேரத்தைப் பார்த்துக்கொண்டு 'இறந்தவர் 1' என்று எழுதிவிட்டார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த தாய்க்கு வாசிக்கத் தெரியும் என்பதை நாங்கள் நினைக்கவில்லை. தலைகீழாக இருந்த தாளை அவர் வாசித்தார். ஒன்றும் சொல்லவில்லை. சீலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழும்பிப் போனார். அவருடைய பிரஷர் 180க்கு மேல். மருந்து மேசையிலேயே கிடந்தது.

அந்த ஒற்றை எழுத்து ஏன் அப்படிச் சுட்டது என்பதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

எங்கள் பக்கத்தில் செத்த வீட்டுக்குப் போனால் யாராவது ஒரு பெரியவர் கட்டாயம் சொல்வார்: எப்பவோ முடிந்த காரியம். யோகர் சுவாமிகளின் வாக்கு. 1872இல் மாவிட்டபுரத்தில் பிறந்து, நல்லூர்த் தேரடியில் செல்லப்பா சுவாமிகளிடம் ஆட்பட்டு, கொழும்புத்துறையில் இருந்து 1964இல் சமாதியடைந்தவர் அவர். எங்களோடு வந்த இளம் பிள்ளைகளுக்குத் தெரியாத ஒன்று: சுவாமி ஆவதற்கு முன்னர் அவர் இதே கிளிநொச்சியில்தான் நீர்ப்பாசன வேலைப்பகுதியில் களஞ்சியம் பார்க்கிற உத்தியோகத்தில் இருந்தார். இரணைமடுப் பக்கத்துக் காடும் நுளம்பும் அவருக்குப் பழக்கம். ஆகவே அந்த வாக்கை யாழ்ப்பாணத்துச் சாய்மனைக் கதிரை வாக்கு என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் அந்த வாக்கை நாங்கள் பாவிக்கிற விதத்தில் பிழை இருக்கிறது. அழுகிறவளின் வாயை மூடுவதற்கு அதைப் பாவிக்கிறோம். எல்லாம் எப்பவோ முடிந்துவிட்டதாம். பிறகு நீ ஏன் அழுகிறாய், ஏன் தேடுகிறாய், ஏன் தெருவில் போய்க் குந்துகிறாய் என்று கேட்கிறோம். கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தாய்மார் பந்தலைப் போட்டு இருந்தபோது, அவர்களுக்கும் இந்த வாக்கைச் சொன்னவர்கள் உண்டு. சொன்னவர்கள் கெட்டவர்கள் அல்ல. ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார்கள்.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சைவநெறி படிப்பித்த ரீச்சர் இதை வேறு விதமாக விளங்கப்படுத்தினார். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்ததே, அதற்குப் பிந்திய காலம். எங்களில் பலர் தென்மராட்சியில் இருந்தோம். சிலர் கிளாலியால் படகேறி வன்னிக்கு வந்துவிட்டார்கள். மண்ணெண்ணெய் இல்லாத காலம் என்பதால் ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, சொட்டெண்ணெயில் எரிகிற அந்த விளக்கில்தான் படிப்பு. நாவலர் பெருமானின் சைவவினாவிடையை அந்த வெளிச்சத்தில் பாடமாக்கினோம். இருவினை என்றால் என்ன, மூன்று வகை வினை எவை என்ற கேள்விகளுக்கு விடை ஒப்புவிப்போம். சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம். ஒப்புவித்தோமே தவிர விளங்கவில்லை.

ரீச்சர் நெல்லை வைத்து விளங்கப்படுத்தினார். இங்கே வயல் செய்கிறவர்களுக்கு அது இன்னும் இலகுவாக விளங்கும். களஞ்சியத்தில் கட்டிக் கிடக்கிற நெல் சஞ்சிதம். அதில் இருந்து எடுத்து ஏற்கனவே விதைத்து, இப்போது கதிராகி நிற்பது பிராரத்தம். அதை இனி மாற்ற முடியாது. ஆட்டக்காரியை விதைத்துவிட்டு, அறுப்பு நேரத்தில் சம்பா வரவில்லையே என்று அழுது பலனில்லை. எப்பவோ முடிந்த காரியம் என்பது இந்தக் கதிருக்குப் பொருந்தும். ஆனால் நாளைக்கு நீ விதைக்கப் போகிற நெல் இருக்கிறதே, அதுதான் ஆகாமியம். அது உன் கையில் இருக்கிறது, இன்னும் முடியவில்லை. வந்தது முடிந்த காரியம். வந்ததற்குள் நின்று நான் என்ன செய்கிறேன் என்பது முடியாத காரியம். சைவ சித்தாந்தம் ஊழைப் பேசுகிற அளவுக்கு இந்தத் தெரிவையும் பேசுகிறது. நாங்கள் ஊழை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வினை என்பது ஒருவர் தன்னைத் தான் பார்த்துக்கொள்வதற்காகச் சொல்லப்பட்ட தத்துவம். பக்கத்து வீட்டுக்காரியின் துன்பத்துக்குக் காரணம் சொல்வதற்கு அல்ல. 'முற்பிறப்பில் என்ன செய்தாளோ' என்று இளம் விதவையைப் பார்த்து யாராவது சொன்னால், அதில் சைவம் இல்லை, வெறும் கொடுமைதான் இருக்கிறது. இந்த ஊரின் பெரியவர்கள் 1983க்குப் பிறகு மலையகத்தில் இருந்து உடுத்த உடுப்போடு வந்து, காடு வெட்டிக் கிணறு வெட்டி இருந்தவர்கள். 2008இல் சண்டை ஏ32 வீதியால் வடக்கே ஏறி வந்தபோது மறுபடியும் எழும்பி, கிளிநொச்சி, தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று நடந்து, முள்ளிவாய்க்காலைக் கண்டு, செட்டிகுளம் முகாமில் தறப்பாளுக்குள் இருந்து, திரும்ப வந்து அதே கிணற்றை இறைத்தவர்கள். இவர்களுடைய முற்பிறப்பை ஆராய்வதற்கு எவருக்கும் தகுதியில்லை.

இனி, செத்த பிறகு என்ன என்ற கேள்விக்கு வருவோம். காலையில் மூன்று பேராவது எங்களிடம் அதைக் கேட்டார்கள். வைத்தியர்மார் கண்டிருப்பீர்கள், சொல்லுங்கோ என்றார்கள்.

கடோபநிடதத்தில் நசிகேதன் என்று ஒரு சிறுவன் வருகிறான். தகப்பன் கோபத்தில் உன்னை யமனுக்குக் கொடுத்தேன் என்று சொல்லிவிட, அவன் உண்மையாகவே யமன் வாசலுக்குப் போய்விடுகிறான். அங்கே யமன் இல்லை. மூன்று இரவு பட்டினியோடு காத்திருக்கிறான். விருந்தாளியைக் காக்க வைத்த குற்றத்துக்காக யமன் மூன்று வரம் கொடுக்கிறான். முதல் வரமாக அந்தப் பிள்ளை கேட்டது தகப்பனுடைய கோபம் ஆற வேண்டும் என்பது. எங்களுக்கு மிகவும் பிடித்த இடம் அது. மூன்றாவது வரமாகத்தான் பெரிய கேள்வியைக் கேட்கிறான்: மனிதன் செத்த பிறகு இருக்கிறான் என்று சிலர் சொல்கிறார்கள், இல்லை என்று சிலர் சொல்கிறார்கள், எது உண்மை? யமன் சொல்ல விரும்பவில்லை. தேவர்களுக்கே சந்தேகம் உள்ள விஷயம், வேறு ஏதாவது கேள் என்கிறான். பொன், மாடு, குதிரை, நீண்ட ஆயுள், பேரப்பிள்ளைகள் எல்லாம் தருகிறேன் என்கிறான். பிள்ளை அசையவில்லை. நாளைக்கு அழிகிற பொருளை நீயே வைத்துக்கொள் என்கிறான். அதன் பிறகுதான் யமன் வாயைத் திறக்கிறான். திறந்தவுடன் அவன் சொன்னது சொர்க்கத்தைப் பற்றி அல்ல, நரகத்தைப் பற்றியும் அல்ல. மனிதனுக்கு முன்னால் எப்போதும் இரண்டு வழி வந்து நிற்கிறது, ஒன்று நல்லது, மற்றது இனியது, அறிவுள்ளவன் நல்லதை எடுக்கிறான் என்பதுதான் அவன் தொடங்கிய இடம். செத்த பிறகு என்ன என்று கேட்ட பிள்ளைக்கு, இருக்கும்போது எதைத் தெரிகிறாய் என்பதில் இருந்து பாடம் தொடங்குகிறது. ரீச்சர் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துச் சொன்னார்: யமனே தயங்கின கேள்விக்கு நீங்கள் பரீட்சைத் தாளில் அரைப் பக்கத்தில் விடை எழுதுகிறீர்கள்.

எங்களுடைய விடையும் அரைப் பக்கம்கூட வராது. மூச்சு நிற்கிற இடம் வரைதான் எங்களுக்குத் தெரியும். அந்த இடம் வரை கண்டதைச் சொல்லலாம். கடைசி நாட்களில் பசி போகும், தாகம் குறையும், கை கால் குளிரும், மூச்சு விட்டு விட்டு வரும். அந்த நேரத்தில் வாய்க்குள் சோற்றை ஊட்டாதீர்கள். உதட்டை நனைத்தால் போதும். கண்ணை மூடிப் பேச்சற்றுக் கிடந்தாலும் காது கேட்டுக்கொண்டிருக்கலாம். ஆகையால் கட்டிலடியில் நின்று காணிப் பிரச்சினை கதைக்காதீர்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், கையைப் பிடியுங்கள், சிவபுராணம் சொல்லத் தெரிந்தால் சொல்லுங்கள். மன்னிப்புக் கேட்க இருந்தால் கேளுங்கள். திருப்பிப் பதில் வராது என்பதற்காகக் கேட்காமல் விட்டவர்கள் வருடக்கணக்காக எங்களிடம் நித்திரைக் குளிசை கேட்டு வருகிறார்கள்.

தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை இருப்பது உங்களுக்குத் தெரியும். இங்கிருந்தும் போய் வருகிறீர்கள். அப்படி வன்னியில் இருந்து சிகிச்சைக்கு வந்த ஒரு வயதான பெண்மணி, மருந்து இனிப் பெரிதாக வேலை செய்யாது என்று நாங்கள் சுற்றி வளைத்துச் சொன்னதைக் கேட்டுவிட்டு, "அப்ப நான் வீட்டை போறன். மாடு கண்டு போடப் போகுது" என்றார். பிள்ளைகள் அழுது மறித்தார்கள். நாங்களும் ஒரு தடவை மறித்தோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். போனார். மூன்று கிழமை இருந்தார். கன்று பிறந்ததைக் கண்டார் என்று பிறகு மகள் வந்து சொன்னாள். நோ மருந்தைக் கொடுத்து அனுப்பியதைத் தவிர நாங்கள் எதுவும் செய்யவில்லை. உள்ளத்தின் பலம் என்று மேடையில் பேசும்போது மலையையும் புயலையும் உவமை சொல்கிறோம். நாங்கள் கண்டது பெரும்பாலும் இப்படித்தான் இருந்தது: ஒரு மாட்டைப் பற்றிய கவலையாக.

தெரிவு என்று இவ்வளவு பேசிவிட்டு ஒன்றைப் பேசாமல் போனால் நாங்கள் வைத்தியர்கள் அல்ல. கடன்காரர் வாசலில் நிற்கிற காலம் இது. கிழமைக்குக் கிழமை கட்டுகிற நுண்கடனால் பெண்கள் படுகிற அவமானம் எங்களுக்குத் தெரியும். சாவையும் ஒரு தெரிவு என்று நினைக்கிற நேரம் சிலருக்கு வருகிறது. எங்கள் அனுபவமும் நாட்டின் அனுபவமும் வேறு விதமாகச் சொல்கின்றன. 1995ஆம் ஆண்டளவில் தற்கொலையில் உலகின் முன்வரிசையில் இருந்த நாடு இலங்கை. கடும் நஞ்சான பூச்சிகொல்லிகளை 1995, 1998, பிறகு 2008 தொடக்கம் 2011 வரை என்று ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். கவலை குறையவில்லை, கடன் குறையவில்லை, சண்டையும் அந்தக் காலத்திற்குள்தான் நடந்தது. ஆனாலும் அந்த மரண வீதம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. இதற்கு என்ன அர்த்தம்? கைக்கெட்டிய தூரத்தில் நஞ்சு இல்லாதபோது அந்த மணித்தியாலம் கடந்து போனது, ஆள் இருந்தார். தப்பி வந்து வாட்டில் கண் விழித்தவர்களிடம் நாங்கள் அதிகம் கண்டது ஏமாற்றத்தை அல்ல, பயத்தை. 'டொக்டர், நான் தப்பிடுவனோ' என்ற கேள்வியை. அது தெரிவு அல்ல, மூச்சு முட்டுகிற ஒரு நேரம். அந்த நேரத்தைக் கடக்க ஆள் வேண்டும். பக்கத்து வீட்டைத் தட்டுங்கள், முழங்காவில் வைத்தியசாலைக்கு வாருங்கள், 1926 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், தமிழிலும் பேசலாம். அப்படிப் போனவர்களின் ஆவி அலையும், பேயாகும் என்று அவர்களுடைய பிள்ளைகளின் காதில் விழப் பேசுகிறவர்கள் தயவுசெய்து அதை நிறுத்துங்கள். சிவன் அவ்வளவு கணக்குப் பார்க்கிறவர் என்று நாங்கள் படிக்கவில்லை.

இப்போது வராத பிள்ளையிடம் வருகிறோம்.

எங்கள் சமயத்தில் செத்தவருக்குச் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன. சுண்ணம் இடிக்கிறோம். திருவாசகத்தில் மணிவாசகர் அதைப் பெண்கள் கூடி ஆண்டவன் நீராடுவதற்கு வாசனைப் பொடி இடிக்கிற மகிழ்ச்சிப் பாட்டாக வைத்தார். நாங்கள் அதைச் செத்த வீட்டில் பாடுகிறோம். போகிறவரை ஆண்டவனாக நினைத்து வழியனுப்புகிற அந்த மனம் பெரியது. பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிக்கிறார்கள். எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, ஆட்டைத் திவசம், தகப்பனுக்கு ஆடி அமாவாசை, தாய்க்குச் சித்திரா பௌர்ணமி. ஒவ்வொரு படியிலும் துக்கத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. அழுகிறவளின் கைக்குள் ஒரு பாத்திரத்தைக் கொடுத்து, இதைச் செய் என்று சொல்கிற ஏற்பாடு அது.

வராதவருக்கு இந்தப் படி ஒன்றும் இல்லை. செய்தால் நானே என் பிள்ளையைச் சாகக் கொடுத்ததாகிவிடும். செய்யாமல் விட்டால், ஒருவேளை அவன் போயிருந்தால், தண்ணி விடாமல் அலைய விட்டதாகிவிடும். எந்தப் பக்கம் போனாலும் குற்றம். அமெரிக்காவில் போலின் பொஸ் என்ற பேராசிரியை, வியட்நாம் யுத்தத்தில் காணாமற்போன படையினரின் குடும்பங்களோடு 1970களில் வேலை செய்யத் தொடங்கி, இதற்கென்றே ஒரு பெயர் வைத்தார். தெளிவில்லாத இழப்பு என்று தமிழில் சொல்லலாம். இது நோய் அல்ல, இழப்பே அப்படிப்பட்டது, ஆகவே 'ஏற்றுக்கொள், முடித்துக்கொள்' என்று அவர்களைத் தள்ளக் கூடாது என்பது அவர் கண்டது. எங்கள் பேராசிரியர் தயா சோமசுந்தரம் மனவடுவைப் பற்றி எழுதியபோதும், ஒரு ஆளின் மனத்தை மட்டும் பார்க்காமல் குடும்பத்தையும் ஊரையும் சடங்கையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார். எங்கள் தொழிலில் நாங்கள் அதை இன்னும் சரியாகப் பழகவில்லை.

சாத்திரம் என்ன சொல்கிறது என்று தேடிப் பார்த்தோம். சாத்திரம் கடுமையாக இருக்கும், மனிதர்கள்தான் இரங்குவார்கள் என்று நினைத்துக்கொண்டு தேடினோம். மறுவளமாக இருந்தது. தூர தேசம் போய்ச் செய்தி இல்லாதவனுக்குப் பல வருடம், சாதாரணமாகப் பன்னிரண்டு வருடம், காத்திருந்த பிறகு தர்ப்பையாலும் இலையாலும் ஓர் உருவம் செய்து தகனம் செய்யலாம் என்று தர்மசாத்திர நூல்கள் இடம் கொடுக்கின்றன. அதோடு நிற்கவில்லை. அப்படிச் செய்து முடித்த பிறகு அவன் உயிரோடு திரும்பி வந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லியிருக்கிறார்கள். அவனை நீராட்டி, அன்றுதான் பிறந்த குழந்தைக்குச் செய்கிற கிரியைகளைத் திரும்பச் செய்து, தன் மனைவியையே அவன் மறுபடியும் கலியாணம் செய்ய வேண்டுமாம். கொள்ளி வைத்த பிறகும் வாசல் கதவை ஒருச்சாய்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். இந்த விதியை எழுதியவருடைய வீட்டிலும் ஒருவர் வராமல் இருந்திருப்பார் என்று எங்களுக்குப் பட்டது.

சட்டமும் மெதுவாக அந்த இடத்துக்கு வந்தது. 2010இல் கொண்டுவந்த சட்டம், காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்க வழி செய்தது. காணி, வங்கி, பிள்ளையின் பள்ளி அனுமதி என்று எல்லாவற்றுக்கும் அந்தத் தாள் தேவைப்பட்டது. பல தாய்மார் பட்டினி கிடந்தாலும் அதில் கையெழுத்து வைக்கமாட்டோம் என்றார்கள். 2016இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, இறந்தார் என்று சொல்லாமல், ஆளைக் காணக் கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்கிற ஒரு சான்றிதழும் வந்தது. அது எல்லாருக்கும் திருப்தி தரவில்லை; உண்மை தெரிய வேண்டும் என்பதுதான் அவர்களுடைய கேள்வி, தாள் அல்ல. அந்தக் கேள்விக்கு வைத்தியர்களால் பதில் சொல்ல முடியாது. பதில் சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள்.

எங்களால் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று. விளக்கு ஏற்றுவதா, சோறு எடுத்து வைப்பதா, பொட்டு வைப்பதா, விடுவதா என்பதை அந்தத் தாயும் அந்த மனைவியும்தான் தீர்மானிக்க வேண்டும். மாமியார் அல்ல, மச்சாள் அல்ல, ஐயர் அல்ல, நாங்களும் அல்ல. பொட்டைப் பற்றி வெளிப்படையாகவே பேசுவோம். கணவன் வராத பெண் பொட்டு வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனால் ஒரு கதை. வைக்காமல் போனால், அப்ப நீ அவன் செத்துவிட்டான் என்று முடிவு கட்டிவிட்டாயா என்று இன்னொரு கதை. கலியாண வீட்டில் அவளை முன்னுக்கு விடுவதா பின்னுக்கு விடுவதா என்று கூடிக் கதைக்கிறார்கள். ஒரு பெண் எங்களிடம் சொன்னாள், வீட்டில் இருந்து வைக்காமல் வந்து, ஒழுங்கையில் வைத்து, திரும்பிப் போகும்போது அழிப்பதாக. பதினைந்து வருடமாக ஒரு சின்னக் கண்ணாடியைக் கைப்பைக்குள் கொண்டு திரிகிறாள். இதையா நாங்கள் சைவம் என்று சொல்கிறோம்?

காரைக்கால் அம்மையாரின் கதையை எல்லாரும் மாம்பழத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அவருடைய கணவனும் கப்பலேறிப் போய்த் திரும்பி வராதவன்தான். அவன் பாண்டி நாட்டில் வேறு குடும்பமாகிவிட்டான் என்ற செய்தி வரும் வரைக்கும் அந்தப் பெண் வீட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். செய்தி வந்தது. போய் நேரில் கண்டாள். அதற்குப் பிறகு அந்த உடம்பின் அழகு தனக்கு வேண்டாம் என்று தானே கழற்றி வைத்தாள். ஊர் கழற்றச் சொல்லவில்லை. கழற்றிய பிறகு அவள் கேட்ட வரத்தையும் கவனியுங்கள்: பிறவாமை வேண்டும், பிறந்தால் மறவாமை வேண்டும். அந்த 'பிறந்தால்' என்ற சொல்லில் எங்களுக்கு ஒரு ஆறுதல். பேயுருவோடு கைலாயத்துக்குத் தலையால் நடந்த அம்மையாரும் அடுத்தது எப்படி இருக்கும் என்று அடித்துச் சொல்லவில்லை. எப்படி இருந்தாலும் தனக்கு என்ன வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.

நேரம் போய்விட்டது, பஸ் சாரதி வாசலில் நின்று மணிக்கூட்டைப் பார்க்கிறார். காலையில் வந்த அம்மா பின்வரிசையில் இருக்கிறார், கண்டோம். அம்மா, உங்களுடைய படிவத்தில் அந்த இடம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. சங்கத்தாரோடு சாப்பாட்டு நேரத்தில் கதைத்தோம். தை பிறந்த பிறகு நாங்கள் திரும்ப வரும்போது கொண்டு வருவது புதிய படிவம். அதில் இரண்டு கட்டத்துக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் இருக்கும். காணாமற்போனவர் என்று போடலாமா, வர இருப்பவர் என்று போடலாமா என்று எங்களுக்குள் ஒத்துவரவில்லை. இரண்டும் எங்களுடைய சொற்கள். படிவம் அச்சுக்குப் போக இரண்டு கிழமை இருக்கிறது. நீங்கள் எல்லாரும் கூடிக் கதைத்து, அந்தக் கட்டத்துக்கு என்ன பெயர் போடுவது என்று எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள்.